வால் வைத்த கிளிப்

எதிர் பிளாக்கில் மூன்றாவது மாடி ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு ஒரு உறை மாட்டியிருக்கிறார்கள். ஆன்லைனில் வாங்கியது போலிருக்கிறது. சாம்பல் நிறம், ஓரத்தில் எலாஸ்டிக். அந்த எலாஸ்டிக் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. பள்ளிக்கரணைப் பக்கமிருந்து காற்று கிளம்பினால் போதும், படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடும். கொஞ்சம் நிற்கும். அப்பாடா என்று நான் லேப்டாப்பைத் திறப்பேன். மறுபடியும் படபட. மழை ஆரம்பித்த நாளிலிருந்து இதே கதை. பால்கனிக்குப் போகிறேன், வருகிறேன், போகிறேன். என் வீட்டுக்காரர் காதில் எதையோ செருகிக்கொண்டு, “அவங்க உறை, அவங்க காத்து, உனக்கு என்ன வந்துச்சு?” என்கிறார். விட முடிகிற ஆளாக இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன், சொல்லுங்கள்.

வெளியில் கிடக்கும் எதன் மேலாவது போட்ட உறை இப்படி அடித்துக்கொண்டால் எனக்கு உடனே ஒரு வாசனை வந்துவிடும். புது ஃப்ளெக்ஸ் பேனரின் வாசனை. மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்த மாதிரி மூக்கைக் குத்தும், ஆனாலும் இன்னொரு தரம் மோந்து பார்க்கத் தோன்றும். நான் வேலைக்குப் போக ஆரம்பித்த காலத்தில் தாம்பரமே அந்த வாசனையில்தான் கிடந்தது. பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் பேனர். முனையில் நிற்கிற மின்கம்பம் கண்ணுக்கே தெரியாது. விசேஷம் முடிந்ததும் அந்த பேனர் எங்கே போகும் என்கிறீர்கள்? முதலில் கண் வைத்தவர் அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார். தண்ணி மோட்டாருக்கு உறை, மொபெட்டுக்கு உறை, மொட்டைமாடியில் வடகம் காயப்போட விரிப்பு. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மோட்டாரை வெகுகாலம் மழையிலிருந்து காத்தது, யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாத ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள்.

கண்ணீர் அஞ்சலி பேனர் மட்டும் வேறு ரகம். அதை ஊரார் தொட மாட்டார்கள். வீட்டுக்காரர்கள்தான் அவிழ்த்து எடுத்துப் போக வேண்டும். எடுத்துப் போய் என்ன செய்வது? அத்தனை பெரிய முகத்தைச் சுவரில் மாட்ட முடியாது. குப்பையில் போட மனசு வராது. ஆகவே அதுவும் கடைசியில் எதற்காவது உறையாகும். ஆனால் முகம் உள்பக்கமாக, வெள்ளை முதுகு வெளியே தெரிகிற மாதிரி போடுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

ஜெசி வீட்டிலும் அப்படித்தான். ஜெசி என்கிற ஜெசிந்தா என் சிநேகிதி. டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு பேரும் பல்லாவரம் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் சேர்ந்தோம். டிசைன் ரூம் என்று பெயர். ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், நாங்கள் இரண்டு பேர். கார்களுக்குள் ஒயர்க்கட்டுகளைப் பிடித்துவைக்கிற கிளிப்புகள் செய்துகொடுப்பது கம்பெனியின் பிழைப்பு. ஒரு தரம் அழுத்தினால் அழுத்தினதுதான், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். க்வாலிட்டியில் ஒருவர் உட்கார்ந்து நாள் முழுக்க கிளிப்புகளைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். கழன்று வந்தால் ரிஜெக்ட். கழலாததுதான் நல்ல கிளிப் என்று எங்கள் மண்டையில் ஏற்றியிருந்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஜெசி வீடு கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில். அப்பா அந்தோணி அங்கிள், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா ரெஜினா ஆன்ட்டி, கணக்கு டீச்சராக இருந்தவர். அது பவர் கட் காலம். பகலில் போகும், சாயந்திரம் போகும், சொல்லாமல் கொள்ளாமலும் போகும். அங்கிள் தன் ரிட்டயர்மென்ட்டுக்குத் தனக்கே ஒரு பரிசு கொடுத்துக்கொண்டார். பெட்ரோலில் ஓடுகிற ஒரு சின்ன ஜெனரேட்டர். வீட்டுக்குப் பக்கவாட்டு சந்தில், வானம் பார்த்த இடத்தில் அது நின்றது. பெற்ற மகளைக்கூட அப்படித் துடைத்திருக்க மாட்டார் என்று ஜெசி சொல்வாள். நாலு மணிக்கு டீ குடித்த கையோடு போய் ஆயில் அளவு பார்ப்பார். ஆன்ட்டி காலி டம்ளரை வாங்கிக்கொள்ளப் பக்கத்திலேயே நிற்பார். ஆயிலில் அப்படி என்ன பேச்சு இருக்குமோ, இரண்டு பேரும் அரை மணி நேரம் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்கள்.

ஒரு காலையில் அங்கிள் எழுந்திருக்கவில்லை. சர்ச் நண்பர்கள் சேர்ந்து தெருமுனையில் பேனர் வைத்தார்கள். அந்தக் காலத்து ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு கை அரிப்பு உண்டு, யாராயிருந்தாலும் கோட்டு மாட்டிவிடுவார்கள். அங்கிள் வாழ்நாளில் கோட்டு போட்டதில்லை, கல்யாணத்துக்கே வெள்ளைச் சட்டைதான். பேனரில் அவருக்கு நல்ல நீலத்தில் ஒரு கோட்டும், பின்னால் இரண்டு புறாவும் கொடுத்திருந்தார்கள். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை, அந்தச் சிரிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

சில வாரம் கழித்து பேனரை அவிழ்த்து ஜெனரேட்டர் மேல் போட்டார்கள், முகம் உள்பக்கமாக. அதை ஓட்ட அந்த வீட்டில் ஆளில்லை. கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டிய வண்டி, ஆன்ட்டிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போன வாதம். பேனரை ஒரு சணல் கயிற்றால் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். ஐப்பசிக் காற்றில் ஒரு நாள் பேனர் பறந்து போய்விட்டது.

ஆன்ட்டி தெருத்தெருவாகத் தேடினார். மூன்றாம் நாள் காலைப் பூசை முடிந்து வரும்போது பக்கத்துத் தெருவில் பார்த்துவிட்டார். வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு மனையில் சிமென்ட் மூட்டைகளின் மேல் அங்கிள் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் ஒரு செங்கல், நீலக் கோட்டின் மேல் ஒரு செங்கல். வாயைத் திறந்து கேட்க முடியாமல் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயந்திரம் நானும் ஜெசியும் போனோம். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன், எனக்கு அப்போது அது ரொம்பச் சுலபம். ஆனால் விஷயத்தைச் சொன்னதும் மேஸ்திரி தலைத் துண்டை அவிழ்த்துவிட்டார். அவரே செங்கல்லை எடுத்து, பேனரை உதறி, துண்டால் துடைத்து, மடித்துக் கொடுத்தார்.

“யாருன்னு தெரியாம பூட்ச்சும்மா. மயை பேஞ்ச ரெண்டு நாளும் இவருதான் என் சிமென்ட்ட காப்பாத்துனாரு,” என்றார்.

ஜெசி அழுதது அப்பா போன அன்றைக்குக்கூட அப்படி இல்லை. வீட்டுக்கு வந்து பேனரை ஆன்ட்டி கையில் கொடுத்தோம். “இன்னொரு தடவை இவர் தெருவுல போய்க் கிடக்கக் கூடாதும்மா. என்னால அதைப் பாக்க முடியாது,” என்று மட்டும் சொன்னார். எங்களைப் பார்த்து ஒரு பெரியவர் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் கிளிப் செய்கிறவர்களிடம் வந்து சேர்ந்த வேலை. மறுநாளே ஆரம்பித்துவிட்டோம்.

ஜெனரேட்டரைச் சுற்றி ஒரு இரும்புக் குழாய்ச் சட்டம் இருக்கும். அந்தக் குழாய் மேல் பேனரின் ஓரத்தைப் போர்த்தி, அதன் மேல் பிறை மாதிரி வளைந்த ஒரு துண்டை வைத்து உள்ளங்கையால் ஒரு குத்து. அவ்வளவுதான் கிளிப். கம்பெனியில் கழித்துப்போட்ட நைலான் கட்டையில் மதிய இடைவேளைகளில் கடைந்தோம். ஃப்ளெக்ஸ் வழவழப்பு, நழுவும். அதனால் உள்பக்கம் சின்னச் சின்ன பல் வைத்தோம். க்வாலிட்டிக்காரரிடம் கொடுத்து இழுக்கச் சொன்னோம். அவர் சுவரில் கால் வைத்து இழுத்தும் வரவில்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நாலு மூலையிலும் டக், டக்கென்று அடித்துவிட்டு வந்தோம். ஆன்ட்டி ஜெனரேட்டரைச் சுற்றி வந்து பார்த்தார், எங்களுக்கு கேக் கொடுத்தார், நல்லாயிருக்கு என்றார். அந்த வருஷம் அடித்த காற்றில் கேம்ப் ரோட்டில் தகரக் கூரையெல்லாம் போனது. ஆன்ட்டி வீட்டு பேனர் இம்மி அசையவில்லை.

அப்புறம் ஒரு நாள் வேலைக்கு வந்த ஜெசி பையிலிருந்து ஒரு வெண்ணெய்க் கத்தியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். நுனி வளைந்திருந்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் கிடந்ததாம். அம்மாவின் கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்ததைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். கதவிடுக்கில் நசுங்கியது என்று பதில் வந்திருக்கிறது. அன்று மதியம் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். நாலு மணி இருக்கும். ஆன்ட்டி சந்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீ டம்ளர் ஆறிக்கொண்டிருந்தது. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

எங்களைப் பார்த்ததும் அதைப் புடவைக்குள் மறைக்கப் பார்த்தார். மாணவனிடம் பிட் பிடித்த டீச்சர், இப்போது தானே பிட்டோடு மாட்டிக்கொண்ட முகம்.

“தினம் நாலு மணிக்குத் தெறந்து பாத்துட்டு மூடிடுவேன். இப்போ தெறக்க வரல. பைத்தியம்னு நெனப்பீங்கன்னுதான் சொல்லல,” என்றார்.

கேட்கக் கேட்கத்தான் மற்றதும் வந்தது. டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவாராம். கயிற்றை அவிழ்த்து, பேனரின் ஒரு பக்கத்தைத் தூக்கி மேலே மடித்துவிட்டால் அங்கிளின் முகம் தெரியும். ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு, மறுபடி மூடிக் கட்டுவாராம். விரல் வலித்தால் முடிச்சைச் சும்மா பேருக்குப் போட்டுவிட்டு வந்துவிடுவாராம். பேனர் பறந்து போனது அப்படித்தான். எங்கள் கிளிப் வந்த பிறகு அந்த மழைக்காலம் முழுக்க அவர் அங்கிளைப் பார்க்கவில்லை. உள்ளே பத்திரமாக இருக்கிறார் என்று தெரியும், ஆனால் பார்க்க முடியாது. நாங்கள் கேக் தின்றுவிட்டு வந்தோமே, அன்றைக்கே தெரிந்திருக்கிறது அவருக்கு. பிள்ளைகள் ஆசையாகச் செய்ததை எப்படி வேண்டாம் என்பது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று கேட்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவரை வாங்கி நாலையும் நெம்பி எடுத்தோம், ஒன்று என் கன்னத்தில் தெறித்தது. ஜெசி பேனரைத் தூக்கினாள். ஆன்ட்டி அப்படியே எட்டிப் பார்த்து, “எவ்வளவு தூசி பாரு,” என்றார். சொன்னது எங்களிடம் இல்லை.

காற்று கழற்ற முடியாத கிளிப் ஒன்றும் பெரிய வித்தையில்லை. காற்று கழற்றக் கூடாது, வீங்கின விரல் ஒரு கையால் கழற்ற வேண்டும். இதற்குத்தான் எங்களிடம் படிப்பு இல்லை. பல்லைக் குறைத்தால் காற்றில் போகிறது, கூட்டினால் கையில் வரவில்லை. ஆன்ட்டியின் கை எங்களுக்கு வேண்டியிருந்தது, ஆனால் அவரைப் போட்டுப் படுத்த முடியாது. ஜெசி தன் வலது கை விரல்களை பிளாஸ்திரி போட்டுச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அதோடுதான் கிளிப்பைக் கழற்றிப் பார்ப்பாள், அதோடுதான் சாப்பிடுவாள். எம்.டி. சார் பார்த்துவிட்டு மெஷினில் கையைக் கொடுத்துவிட்டாளோ என்று பதறிப்போனார்.

காற்றைச் சோதிக்க ரயில். தாம்பரம் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயினில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் ஜன்னலோரம் பிடித்து, ஜன்னல் கம்பி ஒல்லி என்பதால் சைக்கிள் ட்யூபைச் சுற்றிப் பருமனாக்கி, அதில் ஒரு துண்டு பேனரை எங்கள் கிளிப்பால் மாட்டி வெளியே விட்டுவிடுவோம். குரோம்பேட்டை தாண்டினால் வண்டி பிய்த்துக்கொண்டு போகும். பேனர் அடிக்கிற அடியில் பக்கத்தில் பேச்சு கேட்காது. அது ஏதோ கட்சிக்காரர் பிறந்தநாள் பேனரில் வெட்டிய துண்டு, அவருடைய மீசை மட்டும் அதில் இருந்தது. கூடையோடு வருகிற பூக்கார அக்கா ஒருத்தி தினமும் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு நாள் பொறுக்க முடியாமல், “இன்னா பாப்பா, மீசைக்கு தெனம் காத்து காட்டிகினு கீறே?” என்றாள். கம்பார்ட்மென்ட்டே சிரித்தது. சானடோரியம் வருவதற்குள் அந்த மீசை எங்களை விட்டுப் பறந்துபோனது எத்தனை தடவை என்று எங்களுக்கே தெரியாது.

கடைசியில் வந்தது வால். பிறையின் ஒரு முனையை அப்படியே வெளியே நீட்டி, கட்டைவிரல் படுக்கிற அகலத்துக்கு ஒரு வால் வைத்தோம். காற்று பேனரை இழுத்தால் பிறை குழாயை இன்னும் இறுக்கிக்கொள்ளும். வாலுக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினால் வாய் திறந்துவிடும். பல்லே வேண்டியிருக்கவில்லை. அன்று மீசை தாம்பரம் வரைக்கும் எங்களோடு வந்தது. பிளாட்பாரம் வந்ததும் ஜெசி பிளாஸ்திரி போட்ட கையால் வாலைத் தூக்கினாள், டக்கென்று கையோடு வந்துவிட்டது. பூக்கார அக்கா இரண்டு பேருக்கும் ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தாள். எதற்கென்று அவளும் கேட்கவில்லை.

எம்.டி. சாருக்கு அது பிடித்துப்போயிற்று. ஏசி உறைகளுக்கு விற்கலாம் என்றார். ஆனால் வால் எதற்கு, மெட்டீரியல் வேஸ்ட், வெட்டிவிடு என்றார். வெட்டச் சொன்னால் நாங்கள் வரைய மாட்டோம் என்று ஜெசி சொல்லிவிட்டாள். அவரே வேறு ஆளை வைத்து வெட்டி, கொஞ்ச நாள் விற்றார். கழற்ற வரவில்லை என்று ஜனங்கள் திருப்பிக் கொடுத்தார்கள். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

ஆன்ட்டிக்கு நாங்கள் கடைந்து கொடுத்தது நாலு, கூடவே மாற்றுக்கு ஒன்று. அந்த நாலும் எத்தனையோ மழையைப் பார்த்தன. நாலு மணிக்கு டக், டக். திறந்து துடைத்துப் பேசிவிட்டு மறுபடி டக், டக். லீவு நாளில் வீட்டுக்குள்ளிருந்து கேட்டால் ஜெசிக்கு மனசு அடங்குமாம். பேனர் ஒரு நாளும் பறக்கவில்லை. ஆனால் ஃப்ளெக்ஸ் மை என்ன கல்வெட்டா? தினமும் ஈரத்துணி, தினமும் சாயந்திர வெயில். முதலில் மஞ்சள் போகும், பின்னாலேயே சிவப்பு போகும், நீலம்தான் கடைசிவரை நிற்கும். அங்கிளின் கன்னம் வெளுத்தது, சிரிப்பு வெளுத்தது, புறாக்கள் எப்போதோ போய்விட்டன. கல்யாணமாகிப் போயிருந்த நான் ஒரு தடவை நாலு மணிக்குப் போனேன். ஆன்ட்டி வாலைத் தூக்கி, பேனரை மடித்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். வெள்ளையில் ஒரு நீலக் கோட்டு மட்டும் இருந்தது. கழுத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. கழற்ற முடியாத முதல் கிளிப்பையே விட்டிருந்தால் முகம் இருந்திருக்குமே ஆன்ட்டி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோட்டின் காலரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “முகம் எனக்குத் தெரியுமேம்மா. கோட்டு போட்டுத்தான் நான் பாத்ததில்ல.”

அந்தச் சந்து இப்போது இல்லை. வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள், ஜெனரேட்டர் நின்ற இடத்தில் யாருடைய காரோ நிற்கிறது. பவர் கட் போனது, அதோடு அந்தச் சின்ன ஜெனரேட்டர்களும் போயின. பேனர் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்த பிறகு முனைகளில் மின்கம்பம் நன்றாகத் தெரிகிறது. ஆன்ட்டி போனபோது பேனர் இல்லை. ஜெசி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்தாள், மறுநாள் அது தானாக அழிந்துவிட்டது. அந்த நீலக் கோட்டு பேனரைச் சவப்பெட்டிக்குள் ஆன்ட்டியின் காலடியில் மடித்து வைத்தாள். இப்போது அவள் ஷார்ஜாவில். அந்த மாற்றுக் கிளிப்பை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கடைசியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் அதை எடுத்துக்கொண்டு எதிர் பிளாக்குக்குப் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு இளம் தம்பதி. இந்த ஆன்ட்டிக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி பார்த்தாலும் உள்ளே விட்டார்கள். உறையின் ஓரத்தை ஸ்டாண்டுக் குழாயில் வைத்து அழுத்தினேன். டக். கழற்ற வேண்டுமென்றால் இந்த வாலைத் தூக்கினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தேன். “எதுக்கு ஆன்ட்டி கழட்டப் போறோம்?” என்று அந்தப் பையன் சிரித்தான். நியாயம்தான்.

சத்தம் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் காதில் இருந்ததைக்கூட எடுத்துவிட்டார். நான்தான் நாலு மணி ஆனால் பால்கனிக்குப் போய் நிற்கிறேன். அந்த வாலைத் தூக்க அங்கே யாரும் வருவதில்லை.